இரண்டாவது மானிட்டர் இயங்காதது குறித்தும், பொருந்தாத கிராபிக்ஸ் கார்டைத் திரும்பப் பெறக் கோரியும் புகார்

அனுப்புநர்
உரிமையாளர்,
கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பகம்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கணினி விற்பனை நிறுவனம், சென்னை.

ஐயா,

தங்கள் நிறுவனத்தில் நான் வாங்கிய கணினியில் தாங்கள் கொடுத்த இரண்டு கார்டுகளை வைத்து இரண்டு மானிட்டர்களும் ஒருசேர இன்றுவரை எரியவில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே என் தேவையைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். புதிய மானிட்டர் ஒன்றில் ஹெச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் இணைப்பு. பழையதில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் உள்ளது. இரண்டும் வேலை செய்ய வேண்டும் என்று எழுத்திலும் கொடுத்தேன். அதற்குத் தங்கள் விற்பனைப் பிரிவு சொன்ன வழி, என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டோடு விஜிஏ மானிட்டருக்காக அதே நிறுவனத்தின் ஜிடி 710 கார்டு ஒன்றையும் சேர்த்து மாட்டுவது. இரண்டுக்கும் பில் போட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

இவை இரண்டும் ஒரு கணினியில் சேர்ந்து இயங்காது. விண்டோஸில் எத்தனை என்விடியா கார்டுகள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பதிப்பு டிரைவர்தான் (டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள்). ஜிடி 710 கெப்ளர் என்ற பழைய தலைமுறையைச் சேர்ந்தது. அந்தத் தலைமுறையின் ஆதரவு 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டது. 2021 அக்டோபர் முதல் வந்த புதிய வரிசைகளில் அது கிடையாது. ஆர்டிஎக்ஸ் 4060 சந்தைக்கு வந்ததோ 2023 ஜூனில். பழைய டிரைவரில் அதற்கு இடமே இல்லை. புதிய டிரைவரை நிறுவினால் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஜிடி 710-க்குப் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் வந்து நிற்கிறது. விஜிஏ மானிட்டர் ‘நோ சிக்னல்’ காட்டிவிட்டு இருண்டுபோகிறது. பழையதை நிறுவினால் அது எரிகிறது, விலை உயர்ந்த கார்டு முடங்குகிறது. கணினி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பில் போடுவதற்கு முன் இதைப் பார்த்திருக்க வேண்டாமா?

தொலைபேசியில் உதவி கேட்டபோது ஒருவர் மானிட்டர் பழுது என்றார். அதே மானிட்டர் என் பழைய கணினியில் நன்றாக எரிகிறது. இன்னொருவர் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவச் சொன்னார். அவர் பேச்சை நம்பிச் செய்ததில் பத்திரிகை வேலைக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பழைய தமிழ் எழுத்துருக்களையும் அச்சு அமைப்புகளையும் மறுபடி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியதாயிற்று. ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலை ஆடியிலேயே வந்து குவிகிற நேரம் அது. வீட்டார் கைப்பட எழுதித் தரும் பெயர் வரிசையை ஒரு திரையில் வைத்து, மற்றொன்றில் பக்கத்தை அமைப்பது என் வழக்கம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் பெயர் இடம் மாறி அச்சானால் அந்த வருத்தம் தலைமுறைக்கும் தீராது. அந்தப் பொறுப்பு என்னுடையது என்பதால்தான் இரண்டு திரை கேட்டேன்.

தங்கள் பொறியாளர் எவரும் சொல்லாத தீர்வை ஜங்ஷன் பக்கத்தில் உள்ள சிறு கடைக்காரர் சொன்னார். ஆர்டிஎக்ஸ் 4060-இன் பின்பக்கத்தைப் பார்த்தாலே போதும்: என் கார்டில் மானிட்டரை இணைக்க மூன்று டிஸ்ப்ளேபோர்ட் துளைகளும் ஒரு ஹெச்டிஎம்ஐ துளையும் இருக்கின்றன. அந்த ஒரு கார்டே நான்கு திரைகளைத் தாங்கும். விஜிஏ அனலாக் என்பதால், டிஜிட்டல் சிக்னலை மாற்றித் தரும் டிஸ்ப்ளேபோர்ட்–விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். சில நூறு ரூபாய்ப் பொருள். அவர் தம்முடையதைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். ஜிடி 710-ஐக் கழற்றிவிட்டு அதைச் செருகி, புதிய டிரைவரை நிறுவியதும் இரண்டு திரைகளும் எரிந்தன. கன்வெர்ட்டரை அன்றே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தாங்கள் தர வேண்டிய பொருள் அது என்பதால்.

ஆகவே ஜிடி 710 கார்டைத் தங்கள் கூரியர் செலவிலேயே திரும்பப் பெற்று, அதன் முழுத் தொகையையும் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தரமான கன்வெர்ட்டர் ஒன்றை அனுப்புங்கள். கார்டைக் கழற்றியதால் வாரண்டி போய்விடும் என்று தங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். அப்படி ஆகாது என்பதை எழுத்தில் தாருங்கள். இந்த இரண்டு கார்டுகளையும் சேர்த்து விற்பதை இனியாவது நிறுத்துங்கள். விஜிஏ மானிட்டரைத் தூக்கிப்போட மனமில்லாத சிறு தொழில்காரர்கள் இந்த மாவட்டத்தில் என்னைப் போல் நிறைய இருக்கிறார்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். பில், என் ஆர்டர் கடிதம், டிவைஸ் மேனேஜர் திரையின் படம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.