நைட்டிக் கணக்கு: நிதி அமைச்சருக்கு ஒரு மடல்

மாண்புமிகு தமிழ்நாடு நிதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக நலத் துறைக்குப் போக வேண்டிய கடிதம் தங்கள் பெயருக்கு ஏன் வந்திருக்கிறது என்று தோன்றலாம். ஒரு பணியிடம் வேண்டுமென்றால் எந்தத் துறை எழுதினாலும் கடைசியில் நிதித் துறை சரி என்றால்தான் உண்டு. அரசு ஊழியத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. அதனால் சுற்றி வளைக்காமல் நேராகத் தங்களுக்கே எழுதுகிறேன்: பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்களின் பக்கத்தில் இருக்க நிரந்தர ஆட்கள் வேண்டும்.

நான் அரசு மருத்துவமனைகளில் இருபத்தொன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியிலும் பிரசவ வார்டிலும் கழிந்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணை போலீஸ் கூட்டி வந்தால் முதலில் வந்து நிற்பது இந்த இரண்டு இடங்களில்தான். பெரும்பாலும் ராத்திரியில் வருவார்கள்.

ஒரு ராத்திரியை மட்டும் சொல்கிறேன். பத்தொன்பது வயது, மில்லில் வேலை பார்க்கும் பெண். ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டுப் பதிவு) போட்டாயிற்று. ஓ.ஜி. (மகப்பேறு, மகளிர் நலம்) டியூட்டி டாக்டர் ஒரு சிசேரியனில் இருந்தார். இரண்டு மணி நேரம் அந்தப் பெண் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கூட வந்த பெண் காவலர் வாசலுக்குப் போய் போன் பேசிக்கொண்டிருந்தார். அம்மா ஊரிலிருந்து வர வேண்டும். எனக்கு அந்த வார்டில் நாற்பது பேர். நான்கு முறை அதனிடம் போய் "டாக்டர் வந்துருவாங்க" என்றேன். நான்கு முறையும் "சரிங்க சிஸ்டர்" என்றது.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது. தரையில் ஒரு பெரிய வெள்ளைத் தாள் விரிப்போம். அதன் மேல் நிற்க வைத்துத்தான் உடைகளைக் கழற்றச் சொல்வோம், மண்ணோ முடியோ விழுந்தால் தாளில் விழ வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு துணியும் தனித்தனிக் காகித உறையில் போய், சீல் வைக்கப்பட்டு, தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரத்தில் தடயம் கெட்டுவிடும். இதெல்லாம் எங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சிஸ்டர், நான் எதைப் போட்டுட்டுப் போறது?"

சுடிதார், உள்ளாடை எல்லாம் அரசாங்கத்தின் சான்றுப்பொருள் ஆகிவிட்டது. வார்டில் படுத்திருந்தால் பச்சை கவுன் கொடுக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியாது. என் பையில் மாற்று நைட்டி ஒன்று இருந்தது, கொடுத்தேன். அடுத்த நாள் கடைக்குப் போய் இரண்டு நைட்டியும் உள்ளாடைகளும் வாங்கி டியூட்டி ரூம் அலமாரியில் வைத்தேன். ஓய்வு பெறும்வரை அந்த அலமாரி காலியாகாமல் பார்த்துக்கொண்டேன். தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இருநூறு முன்னூறு ரூபாய் விஷயம். எல்லா மருத்துவமனையிலும் இப்படி யாராவது ஒரு சிஸ்டர் இருப்பார். இந்தச் செலவுக்கு ஒரு கணக்குத் தலைப்பு கிடையாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் காகிதத்திலாவது உண்டு. 2020-ஆம் ஆண்டு போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) விதிகளில் 'சிறப்பு நிவாரணம்' என்று ஒரு விதி இருக்கிறது. உணவு, உடை, போக்குவரத்து என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்க வேண்டுமாம். உடை தேவைப்படுவதோ அன்றைக்கு ராத்திரி. மேலே சொன்ன பெண்ணுக்கு வயது பத்தொன்பது என்பதால் அந்த ஒரு வாரமும் பொருந்தாது.

சட்டத்தில் குறை என்று நான் சொல்லவில்லை. அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெண்ணுக்கு முன்பே உடலுறவுப் பழக்கம் உண்டா என்று விரலால் பார்க்கும் இரு விரல் சோதனையைக் கைவிடச் சொல்லி 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்பவர் தவறான நடத்தைக் குற்றம் செய்தவர் ஆவார் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. போக்சோ வழக்குகளில் குழந்தைக்கு உதவும் நபர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விடக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவும் இருக்கிறது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார மட்டும் ஆள் இல்லை.

அதற்கென்றே திட்டம் இருக்கிறதே என்று தங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு 2013 மத்திய பட்ஜெட்டில் 1,000 கோடியோடு நிர்பயா நிதி தொடங்கினார்கள். அதிலிருந்து 2015 ஏப்ரலில் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன. ஒரே கூரைக்குக் கீழ் மருத்துவம், காவல், சட்ட உதவி, ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்க இடம். யோசனையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் மையம் வந்த பிறகு நானே நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். 181 மகளிர் உதவி எண்ணுக்கு போன் போட்டால் ஆள் வரும்.

வந்தது யார் என்று பாருங்கள். வழக்குப் பணியாளர் என்று பதவிப் பெயர். சமூகப் பணியில் முதுகலை படித்த பெண், சுழற்சி முறையில் ராத்திரி டியூட்டியும் உண்டு. மாவட்ட நிர்வாகங்கள் கொடுக்கும் விளம்பரத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள்: மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம், பணியிடம் முற்றிலும் தற்காலிகமானது. (ஒப்பந்த நர்ஸ்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். அதை ஆரம்பித்தால் மடல் வேறு பக்கம் போய்விடும்.) மத்திய நிதி தவணையில் வரும், பழைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், அது தாமதமானால் சம்பளமும் தாமதம்.

எனக்குத் தெரிந்த ஒரு வழக்குப் பணியாளர் வெகு கெட்டிக்காரி. பரிசோதனை அறையில் பெண்ணின் தலைமாட்டில் நின்றுகொண்டு, டாக்டர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டியே மெதுவாகச் சொல்வாள். "இப்ப குளிர்ச்சியா இருக்கும். வேண்டாம்னா சொல்லு, நிறுத்திடலாம்." நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னதுமே அந்தப் பெண்களின் முஷ்டி தளர்வதை நான் பார்த்திருக்கிறேன். நீதிமன்ற வாய்தாவுக்குக்கூடப் போவாள். பயணப்படி கிடையாது. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால், நேர் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு டவுன் பஸ் மாறி கோர்ட்டுக்குப் போனதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டரை வருடம் தாக்குப்பிடித்தாள். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. அவள் கையில் இருந்த பெண்கள் புதிதாக வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் சொல்ல மறுத்து, வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதே நிர்பயா நிதியில்தான் சென்னை மாநகரப் பேருந்துகளில் கேமராவும் அபாயப் பொத்தானும் வைத்தார்கள். ரயில் நிலையங்களிலும் கேமரா வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேமராவுக்கு டெண்டர் விடலாம், திறப்பு விழா வைக்கலாம், செலவுக் கணக்கு ஒரே மாதத்தில் முடிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குப் பெஞ்சில் உட்காரும் ஒருத்திக்கு முப்பது வருடம் சம்பளமும் அப்புறம் ஓய்வூதியமும் தர வேண்டும். அதனால்தான் எந்த அரசுக்கும் கேமராவில் கை தாராளமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த முதல் மூன்று நாள் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தொடங்கினால் மட்டும் போதாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டும், தலை சுற்றும். வீட்டில் மாத்திரை டப்பாவை எங்கே ஒளித்து வைப்பது, மாமியார் கேட்டால் என்ன சொல்வது என்பதெல்லாம் ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் வரும் பிரச்சினைகள். அவசரக் கருத்தடை மாத்திரையும் அப்படித்தான், நேரம் போகப் போகப் பலன் குறையும். மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று விதி இருந்தும் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது ஊரறிந்த விஷயம். ஆக, எங்கள் கேஷுவாலிட்டியை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. தினமும் ஒரு போன் போட்டு "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்க ஒருவர் இருந்தால் 28 நாள் முடியும். இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

இது மத்திய அரசுத் திட்டம், மாநிலம் என்ன செய்ய முடியும் என்ற பதிலைத் தாங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியபோது தமிழ்நாடு டெல்லியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' வந்தது. சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், கையில் அட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பணியில் இருந்த கடைசிக் காலத்தில் அதன் பலனை நேரில் பார்த்தவள் நான். லாரி மோதியவருக்கு 48 மணி நேரம் ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு இந்தப் பெண்களுக்கு 72 மணி நேரம் ஒதுக்குவது புது வித்தை இல்லை.

இழப்பீடு தருகிறோமே என்றும் சொல்லலாம். 2018 திட்டப்படி பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை உண்டு. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தபோது, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் தரச் சொன்னது கோவை மகளிர் நீதிமன்றம். ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் அன்று பெருமையோடு சொன்னார். பெருமைப்பட வேண்டியதுதான். நடுவில் ஆறு வருடம் போயிருந்தது. அதுவும் தொடக்கத்திலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியில் சொன்ன வழக்கு அது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992-இல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உயர் நீதிமன்றம் தலா 10 லட்சம் தரச் சொன்னது 2023-இல். இழப்பீடு பெரும்பாலும் முடிவில் வரும் பணம். வழக்கு நடக்கும் காலம் முழுக்க, வாய்தாவுக்கு முந்தைய ராத்திரிகளில் போனை எடுப்பவருக்கான சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதுதான் என் கேள்வி.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மூன்று ஷிப்டுக்கும் ஆள் இருக்கும் அளவுக்கு வழக்குப் பணியாளர் பணியிடங்களை மாநில நிதியில், காலமுறை ஊதியத்தில் உருவாக்குங்கள். ஒரு பெண்ணின் வழக்கு முடியும்வரை முடிந்தமட்டும் அதே ஆள் கூட இருக்கட்டும், பயணப்படியோடு. இன்னொன்று, கேஷுவாலிட்டி தலைமை செவிலியர் கையில் சில்லறைச் செலவுக்கு ஒரு சிறு முன்பணம். உடை, சாப்பாடு, ஆட்டோவுக்கு அவர் யாரையும் கேட்காமல் எடுக்க வேண்டும், பில்லை மாதக் கடைசியில் வைத்தால் போதும் என்று இருக்க வேண்டும். பட்ஜெட் உரையில் இதற்கு ஒரு வரி போதும். அந்த வரிக்கு முன்னால் வழக்கம்போல ஒரு குறளும் சொல்லிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

அந்த மருத்துவமனை டியூட்டி ரூமில் இடது பக்கக் கடைசி அலமாரி. நான் ஓய்வு பெற்ற அன்று அதில் மூன்று நைட்டி இருந்தது, எல்லாம் எக்ஸ்எல். சாவியை அடுத்த டியூட்டி சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர் ஒருவர்