வண்டியை யார் ஓட்டுவது, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் இதையெல்லாம் பேச வரவில்லை. நீயும் இப்போதெல்லாம் லைனில் அதிக நேரம் நிற்பதில்லை. வேலை இருக்கும், சரி. எல்லை தாண்டி மெக்சிகோவில் குவாதலூப்பே பள்ளத்தாக்கு என்ற ஊருக்கு ஒரு சனி ஞாயிறு போய்வர யோசிக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னாய். ஒயின் செய்கிற ஊர் என்றாய். அம்மா அடுத்த கேள்வி கேட்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். முதலில் ஒரு ரூம் என்று சொன்னவள் பிறகு இரண்டு ரூம் என்று மாற்றிச் சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டாள். நான் அதைக் கேட்கவில்லை.

போகாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த ஊரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே வர வேண்டும்போல் ஆகிவிட்டது. கம்பத்துத் திராட்சைக்காரன் மகள் ஒரு திராட்சை ஊரைப் பார்க்கப் போகிறாள், அதில் எனக்கு என்ன வருத்தம்? கேட்க நினைப்பது ஒன்றுதான். வண்டியை யார் ஓட்டுவது?

நீ ஓட்டினால் எனக்குப் பயம் இல்லை. குமுளி ரோட்டில் மழையில் ஜீப் இறக்கியவள் நீ. ஆனால் நீ மட்டும் போகவில்லையே. கூட வருகிறவர் ஓட்டுவார் என்றால் அவர் எப்படி ஓட்டுவார், என்ன பழக்கம், எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். ஒரு இடத்தில் நாலைந்து வகை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். மூன்று இடம் போனால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு ஆகும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. மெக்சிகோவில் 2022-இல் வந்த சாலைச் சட்டத்தில் ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம்தான் வரம்பு. நீ இருக்கிற கலிபோர்னியாவில் 0.08. அங்கே சரியாக இருந்த அளவு எல்லை தாண்டினால் தப்பாகிவிடும். கூட வருகிறவரிடமும் இதைச் சொல்.

சித்தப்பா விஷயத்தை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. "ரெண்டு கிளாஸ்தாண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் அவனும் கிளம்பினான். ஆஸ்பத்திரி வாசலில் நீயும்தான் நின்றாய்.

அதனால் சொல்கிறேன், அந்த ஒரு நாளுக்கு டிரைவரோடு வண்டி பேசிக்கொள். எல்லையில் இருக்கிற டிஹுவானாவிலும் பள்ளத்தாக்குக்குப் பக்கத்து நகரம் என்செனாடாவிலும் இதற்கென்றே வேன் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காசைப் பார்க்காதே. நான் அனுப்புகிறேன் என்றால் நீ சிரிப்பாய், ஆனாலும் அனுப்புவேன். வேன் வேண்டாம், சொந்த வண்டிதான் என்றால் சனிக்கிழமை பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடு, இருட்டிய பிறகு வண்டியை எடுக்காதே. மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் பாதிக்கு மேல் மண் பாதை, விளக்கு கிடையாது, குழியும் புழுதியும்தான். ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பவும் பாத்திரம் வைத்திருப்பார்கள், அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. ஒயின் தொழிலில் இருக்கிறவர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லையிலிருந்து ரொசாரிட்டோ வழியாகக் கடலோரச் சுங்கச்சாலை. மூன்று இடத்தில் சுங்கம் கட்ட வேண்டும். என்செனாடா வருவதற்குச் சற்று முன்னால், எல் சௌசாலில் இடப்பக்கம் 3-ஆம் எண் நெடுஞ்சாலை பிரிகிறது. அதைத்தான் ஒயின் பாதை என்கிறார்கள். மொத்தம் நூறு கிலோமீட்டர் சொச்சம். வழி நெடுக வலப்பக்கம் கடல், அழகாக இருக்குமாம். ஆனால் அந்தச் சாலையில் ஒரு பகுதி 2013 டிசம்பரில் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறது. திரும்பத் திறக்க ஒரு வருஷம் ஆனது. அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் எடுத்த கார் இன்சூரன்ஸ் அங்கே செல்லாது. மெக்சிகோ இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும், ஒரு நாள் இரண்டு நாளுக்கும் கிடைக்கிறது. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் 078, ஆபத்து என்றால் 911. இரண்டையும் போனில் போட்டு வை. கூட வருகிறவர் போனிலும்.

அப்புறம் விசா. உன் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா ஸ்டாம்ப் தேதி முடியாமல் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். தேதியை நீயே கையால் எடுத்துப் பார். "இருக்கும்ப்பா" என்று சொல்லாதே. வேலை அனுமதித் தாளையும் எடுத்துக்கொண்டு போ. திரும்பும்போது ரெடி லேன் என்று எழுதிய வரிசையில் போய்விடாதே. அது சிப் வைத்த கார்டு உள்ளவர்களுக்கு, உன் பாஸ்போர்ட்டுக்குப் பொது வரிசைதான். ஞாயிறு மாலை சான் இசிட்ரோ எல்லைச் சாவடியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும் என்கிறார்கள். காலையிலேயே கிளம்பிவிடு. முந்தின நாள் குடித்தவர் காலையில் ஓட்டினாலும் அது உடம்பில் இருக்கும் பாப்பா, தூங்கி எழுந்துவிட்டால் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். காலையிலும் நீயே ஓட்டு.

தேதி முடிவு செய்யவில்லை என்றாய். ஆகஸ்டில் அங்கே அறுவடைத் திருவிழா, வெந்திமியா என்று பெயர். பாட்டு, விருந்து, எங்கும் கூட்டம். உன் வயசுக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்கு என்னவோ செப்டம்பர் நல்லது என்று படுகிறது. கூட்டம் கலைந்திருக்கும், சிவப்பு ரகங்கள் இன்னும் பறிப்பில் இருக்கும். பறிக்கிறவர்களைப் பார்க்காமல் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பகலில் வெயில் சுட்டாலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

அங்கே கொடி பந்தலில் ஏறுவதில்லை. கம்பி கட்டி, இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக விடுகிறார்கள். மழை குளிர்காலத்தில்தான், அதுவும் கொஞ்சம். குளிரில் இலை கொட்டிக் கொடி தூங்கிவிடும், வருஷத்துக்கு ஒரே பறிப்பு. இங்கே குளிரே இல்லாததால் நாமாகக் கவாத்து பண்ணிக் கொடியை எழுப்புகிறோம், வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பறிப்பு நடக்கிறது. பழம் பெருக்க வேண்டும், கொத்து கனக்க வேண்டும் என்று நாங்கள் தண்ணீர் விடுகிறோம். ஒயின் திராட்சைக்கு அவர்கள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கிறார்கள். பழம் சிறுத்தால்தான் சாறு திண்ணமாக இருக்குமாம். நான் முப்பது வருஷமாகச் செய்ததற்கு நேர் எதிர். ஒரு பழத்தைக் கேட்டு வாங்கித் தின்று பார்த்து, தோல் எப்படி, கொட்டை எப்படி என்று எனக்கு எழுது. நம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அங்கே யாரிடமாவது சொல்.

உனக்கு வரலாறு பிடிக்கும் என்பதால் இதையும் எழுதுகிறேன். 1905 வாக்கில் ரஷ்யாவிலிருந்து மொலக்கான் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். ஆயுதம் எடுக்க மாட்டோம், ராஜாவின் பட்டாளத்தில் சேர மாட்டோம் என்று ஊரை விட்டு வந்த குடும்பங்கள். கோதுமை போட்டார்கள், திராட்சையும் நட்டார்கள். அவர்கள் மார்க்கத்தில் மது ஆகாது. அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நானும் வாழ்நாள் முழுக்கத் திராட்சையோடு இருந்து ஒரு சொட்டு தொடாதவன். ஃபிரான்சிஸ்கோ சார்கோ என்ற ஊரில் அவர்களைப் பற்றி ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. அவர்கள் வழிவந்த குடும்பம் ஒன்று பிபாயோஃப் என்ற பெயரில் ஒயினே செய்கிறது. பெரிய பேர் வேண்டும் என்றால் எல்.ஏ. செத்தோ, இத்தாலியிலிருந்து வந்தவர் 1928-இல் தொடங்கியது. மோன்தே சானிக் 1987-இல் தொடங்கியது. எங்கே போனாலும் சரி, அந்த மியூசியத்தை விடாதே.

தண்ணீரைப் பற்றிப் படித்ததுதான் மனசில் நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்குக்கு நிலத்தடி நீர்தான் ஆதாரம். என்செனாடா நகரமும் அதிலிருந்தே எடுக்கிறது. ஊறுவதைவிட எடுப்பது அதிகமாகி நீரில் உப்பு ஏறிவிட்டது. சில தோட்டத்து ஒயினில் அந்த உப்பே தெரியுமாம். அதற்கு மேல் கொடியைப் பிடுங்கிவிட்டு ஹோட்டலும் கச்சேரி மைதானமும் கட்டுகிறார்கள் என்று அங்கேயுள்ள விவசாயிகள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். உன்னைப்போல் வருகிறவர்களை நம்பித்தான் அந்தக் கட்டடம் எல்லாம். அதனால் கூத்தும் சத்தமுமாக இருக்கிற இடத்தைத் தேடாமல், தோட்டக்காரரே நின்று பேசுகிற சின்ன இடமாகப் பார்த்துப் போ. கிணறு எத்தனை அடி என்று கேள். நீ கேட்டால் அவர்கள் உன்னை வேறு மாதிரி பார்ப்பார்கள். அங்கே வருகிற எத்தனை பேருக்கு அந்தக் கேள்வி தோன்றும்?

உன்னை நினைத்துப் பெருமையாகத்தான் இருக்கிறது. தனியாகப் போய், தனியாகச் சம்பாதித்து, தனியாக ஊர் பார்க்கிறாய். ஆனால் பொங்கலுக்கு அப்புறம் நீ உட்கார்ந்து எங்களோடு பேசவே இல்லை. என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்கிறாய். அம்மா சாமி கும்பிடும்போது உன் பேரைக் கூடுதல் நேரம் சொல்கிறாள். நாங்கள் எதற்குக் கோபப்படுவோம் என்று நீயாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய் போல. அந்தக் கணக்கை எங்களிடம் காட்டினால்தானே சரியா தப்பா என்று சொல்ல முடியும்?

ஊர்ச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. கீழத் தோட்டத்தில் அடிச்சாம்பல் வந்து மருந்து அடித்தோம். அத்தை முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாள். உன் மோதிரத்தை அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள், அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்.

ஒயின் பாட்டில் வாங்கினால் ஒரு லிட்டர் வரைக்கும்தான் வரி இல்லாமல் கொண்டுவரலாம். குழாய்த் தண்ணீர் குடிக்காதே. இருட்டில் வண்டி வேண்டாம். யார் சொன்னாலும், எவ்வளவு வேண்டப்பட்டவர் சொன்னாலும், குடித்தவர் பக்கத்தில் உட்காராதே. இறங்கிவிடு. எந்த நேரமானாலும் அப்பாவுக்குப் போன் போடு, ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லை தாண்டியதும் கூப்பிடு. இங்கே விடியற்காலையாக இருந்தாலும் எழுந்திருப்பேன். கூட வருகிறவர் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் போடு, நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன். அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவளும் ஒன்றும் கேட்க மாட்டாள்.

அன்புடன்,
அப்பா