டைட்டிலில் எத்தனாவது வரி?

ஏட்டி செல்வி,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். உங்கம்மா மாதிரி எனக்கு வேகமாகத் தட்ட வராது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் தட்டுகிறேன். பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள்.

போன ஞாயிறு கல்லிடைக்குறிச்சியில் உன் பெரியப்பா பேத்திக்கு மறுவீடு. பந்தியில் சொதி வந்துகொண்டிருக்கிறது, இஞ்சிப் பச்சடி வந்துவிட்டது, அப்போது பார்த்து எதிர் இலையிலிருந்து உன் தென்காசி அத்தை ஆரம்பித்தாள். "ஏலே, பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்னுதானே நீ சொன்ன? எவனோ சினிமாவுல இருக்கான்னுல்லா சொல்லுதான். நடிக்காளா?"

தப்பு என் மேல். நீ தரமணி பிலிம் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்த அன்றைக்கு ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று நான் சொன்னது உனக்குத் தெரியும், நீ அதைப்பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. இருபது முப்பது வருஷம் கொட்டகையில் படம் ஓட்டிச் சோறு தின்ற மனுஷன், மகள் சினிமாவுக்குப் போகிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டேன். நம் பக்கம் ஒரு பெண் சினிமாவில் இருக்கிறாள் என்றால் கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருக்கிறது, நடிக்காளா? இல்லை என்று சொன்னால் அதற்கு அடுத்த கேள்வி இவர்களிடம் கிடையாது, ஒருமாதிரியான பார்வைதான் இருக்கும். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கம்ப்யூட்டர்.

ஞாயிற்றுக்கிழமை பயம் வரவில்லை. வயதா, சொதியா தெரியவில்லை. "நடிக்கல அக்கா, காமிராவில் ஃபோகஸ் புல்லர்" என்றேன். அப்படியென்றால் என்ன என்று அவள் கேட்டாள், பக்கத்து இலைக்காரர்களும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொன்னேன். நம்ம கொட்டகையில் நான் கேபினில் நிற்கும்போது படம் மங்கினால் என்ன நடக்கும்? விசில் பறக்கும், என் அம்மா வரைக்கும் இழுப்பார்கள், அதுவும் மில் ஷிப்ட் முடிந்து விக்கிரமசிங்கபுரத்திலிருந்து இரண்டாம் ஆட்டத்துக்கு வருகிற கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். திரையில் நான் பார்த்த வேலையைத்தான் அங்கே படம் பிடிக்கும்போதே என் மகள் பார்க்கிறாள். நடிகர் நடந்து வருகிற ஒவ்வொரு அடிக்கும் காமிராவிலிருந்து கண் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து, தரையில் குறி போட்டு, ஷாட் ஓடும்போது லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே வரவேண்டும், ஒரு விரல்கடை தப்பினால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும். எனக்காவது விசில் அடித்தால் திருகிச் சரி பண்ணிக்கொள்ளலாம். அவள் விட்டது விட்டதுதான், கோடி ரூபாய் நடிகரானாலும் இன்னொரு தடவை நடக்கச் சொல்ல வேண்டும். "அப்ப பெரிய வேலைதான்" என்றார் எதிர் வரிசையில் ஒருவர். அத்தை மட்டும் அசையவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், முன்னாடி இல்லாத பழக்கம்" என்றாள்.

முன்னாடி இல்லை என்றதும் எனக்குச் சூடு ஏறிவிட்டது. உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை, நாங்கள் ஃபோகஸ் பார்ப்பதே எழுத்தை வைத்துத்தான். முகத்தை நம்ப முடியாது, கொஞ்சம் மங்கினால் முகம் இன்னும் அழகாகக்கூடத் தெரியும். டைட்டில் ஓடும்போது எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி நிற்கிறதா என்று பார்த்து லென்ஸைத் திருகிவிட்டு, அப்புறம்தான் புரொஜெக்டர் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியைக் கவனிப்பேன். அதனால் எந்தப் படமானாலும் ஒரு வாரம் ஓடினால் அதன் டைட்டில் முழுவதும் எனக்கு மனப்பாடம், ஊரில் வேறு யாரும் வாசிக்காத பெயர்களையெல்லாம் நான் வாசித்திருக்கிறேன். அதில் பெண்கள் பெயர் எங்கே வரும் என்றும் தெரியும். நடிப்பில் வரும், பின்னணியில் சுசீலா, ஜானகி, ஈஸ்வரி வரும், நடனத்தில் புலியூர் சரோஜா என்று வரும். அதோடு சரி. மற்ற கார்டெல்லாம் ஆண்கள்தான்.

85 தீபாவளிக்கு வந்த 'சின்ன வீடு' எங்கள் கொட்டகைக்குப் பெட்டி வந்து சேரும்போது தை பிறந்து போயிருந்தது. முதல் ஆட்டம், எழுத்தைப் பார்த்து லென்ஸைத் திருகுகிறேன், ஒளிப்பதிவு பி.ஆர். விஜயலட்சுமி என்று நிற்கிறது. ரீல் சுற்றுகிற பையன், "அண்ணாச்சி, விஜயகுமார்னு போட வேண்டியத மாத்திப் போட்டுட்டானுவ" என்றான். நானும் ஆமாம் என்றேன். ஒரு வாரம் ஓடி முடியும் வரைக்கும் அது அச்சுப் பிழை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், பார். அப்புறம் பத்திரிகையில் படத்தோடு வந்தது, ஆசியாவிலேயே முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று.

இதை அத்தையிடம் சொன்னேன், அவளுக்கு ஏறவில்லை. "கட்டபொம்மன் எடுத்தாரே பந்துலு, அவர் மக அக்கா" என்றேன். முகமே மாறிவிட்டது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்' இரண்டும் நம் ஜில்லாக்காரர்கள் கதையா, பாஞ்சாலங்குறிச்சியும் ஒட்டப்பிடாரமும் பழைய திருநெல்வேலி ஜில்லா என்பதால் அந்த இரண்டும் நம் வீட்டுப் பத்திரம் மாதிரி. "பந்துலு மகளா, அப்ப சரிதான்" என்றாள். அப்பன் பெயரைச் சொன்னால்தான் மகளுக்கு மரியாதை, நம் ஊர் நியாயம் அப்படி. ஆனால் பந்துலு காலமானது 74-ல், மகள் முதல் படம் செய்தது 85-ல். நடுவில் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக நின்று கற்றுக்கொண்ட தொழில் அது, அப்பா பெயர் காமிராவைத் தூக்கித் தராது. அதே அசோக்குமாரிடம்தான் சுஹாசினியும் உதவியாளராக இருந்தார், அதற்குப் பிறகுதான் நடிக்க வந்தது. டைட்டிலில் நடிகை என்று வாசித்த ஒரு பெயருக்குப் பின்னால் காமிரா படித்த பிள்ளை ஒன்று இருந்தது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

முன்னாடி இல்லாத பழக்கமா? தமிழ் பேசத் தொடங்கிய படமே 1931-ல் வந்த 'காளிதாஸ்', அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார், கதையும் அவர் எழுதிய நாவல். பானுமதி நடித்தார், பாடினார், இயக்கினார், சொந்தமாக ஸ்டுடியோவே வைத்திருந்தார். இதெல்லாம் நான் பிறக்கும் முன்னால் நடந்தது. அத்தைக்கு டிவியில் சொன்னால்தான் புரியும் என்று, "நீ அடுப்பை அணைச்சுட்டுப் பாப்பியே 'சித்தி', அந்த ராதிகா நடிச்சது மட்டுமில்ல, சீரியலை எடுத்த கம்பெனியே அவுகளோடது" என்றேன். குட்டி பத்மினியும் அப்படித்தான், குழந்தை நட்சத்திரமாக வந்தவர் பிறகு சீரியல் தயாரிப்பாளர் ஆனார். அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவள், சில சீரியலில் கதாநாயகி வாயசைக்கக் குரல் கொடுப்பது வேறொரு பெண் என்று நான் சொன்னதும் அதிர்ந்துபோனாள். காலையில் ஒரு சீரியலுக்கு அழுதுவிட்டு மத்தியானம் இன்னொன்றில் வில்லியாகச் சிரிக்க வேண்டியிருக்கும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். "அப்ப நான் இத்தன வருஷம் யாருக்குலே அழுதேன்?" என்றாள். பந்தி மொத்தமும் சிரித்தது.

சரி, இது ஊர்க் கதை. உன் கதைக்கு வருகிறேன்.

போன மாதம் அந்தப் படக் கம்பெனி உன்னை நீக்கிவிட்டு ஒரு பையனைப் போட்டதைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நைட் ஷூட், அவுட்டோர், பெண் என்றால் தனி ரூம் போட வேண்டும், செலவு. அந்த ரூமுக்கு எவ்வளவு ஆகும்? ஒரு நாள் யூனிட்டுக்கு டீ செலவு அதைவிடக் கூட வரும். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நீ சிரித்ததுதான் காரணம். அதற்கப்புறம்தான் நீ பி.எட். பற்றிக் கேட்டது, கல்யாண வீடியோ எடுக்கலாமா என்று கேட்டது எல்லாம்.

இந்தச் செலவுக் கணக்கு புதிதில்லை. மும்பையில் ஐம்பது வருஷத்துக்கு மேல் மேக்கப் என்பது ஆண்கள் வேலை என்று சங்கமே வைத்திருந்தது, பெண் படித்துவிட்டு வந்தாலும் தலைமுடி அலங்காரத்துக்குத்தான் கார்டு கொடுப்பார்கள். சாரு குரானா என்ற பெண் வழக்குப் போட்டு, 2014-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. யோசித்துப் பார், பொட்டு வைக்கவும் பவுடர் போடவும் ஒரு பெண் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்திருக்கிறது. அப்படியானால் ஃபோகஸ் வளையத்துக்கு எவ்வளவு இருக்கும்!

மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியே வந்தபோது பேப்பரில் எல்லோரும் பெரிய பெயர்களைத் தேடினார்கள், நான் வாசித்து நின்றது கக்கூஸ் பற்றிய இடத்தில். லொகேஷனில் ஒதுங்க இடமில்லாமல் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. குற்றாலம் பக்கம் ஷூட்டிங் வந்தபோது நீ நாலு நாளில் கறுத்து, உதடு வெடித்து வீட்டுக்கு வந்தாயே, வெயில் என்று சொன்னாய், நானும் நம்பினேன். கார்பன் எரியும்போது கேபினை விட்டு நகர முடியாமல் நானும் நின்றிருக்கிறேன், எனக்கு ஒரு காலி டின் போதும், கதவைச் சாத்திக்கொள்வேன். உனக்கு அது முடியுமா என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. இனிமேல் அட்வான்ஸ் பேசும்போதே கேள். ரூம், கழிவறை, ராத்திரி முடிந்தால் கொண்டுவிட வண்டி, பேட்டா எவ்வளவு, எத்தனை மணிக்கு மேல் டபுள், எல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லையை விசாரிக்கப் புகார்க் குழு இருக்கவேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது, அதில் யார் இருக்கிறார்கள் என்றும் கேள். கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்பாய். கேட்காததற்கும் தரவில்லையே.

சுதா கொங்கரா மணிரத்னத்திடம் வருஷக்கணக்காக உதவியாளராக இருந்துவிட்டு 2010-ல் எடுத்த 'துரோகி' ஓடவில்லை, அடுத்தது 'இறுதிச்சுற்று' வர 2016 ஆனது. நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷம் அவர் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உன்னை அவர் மாதிரி ஆகு என்று சொல்லவில்லை, எனக்கு அந்த ஆசை கிடையாது. 2002-ல் ரேவதி 'மித்ர்' எடுத்தபோது காமிரா ஃபௌசியா ஃபாத்திமா, எடிட்டிங் பீனா பால், இசை பவதாரிணி. அப்படி ஒரு யூனிட்டில் யாரும் உன்னிடம் ரூம் கணக்குப் பேசமாட்டார்கள், அப்படிப்பட்டவர்கள் இப்போது கூடுதலாக இருக்கிறார்கள். பெண் ஒளிப்பதிவாளர்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பு இருக்கிறது என்று நீதானே சொன்னாய். அவர்களிடம் பேசினாயா? அதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று நினைத்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

வரவேண்டும் என்று தோன்றினால் வா. பி.எட். படித்தாலும் சம்மதம், கல்யாண வீடியோ என்றாலும் சம்மதம். ஆனால் அப்பாவுக்கு ஊரில் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று வராதே. அந்தப் பொய்யைச் சொதிப் பந்தியிலேயே முடித்துவிட்டேன். உன் அத்தை தென்காசி முழுவதும் "எம் மருமக ஃபோகஸ் புல்லர்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், என்ன வேலை என்று கேட்டால் அவள் சொல்வது வேறு ஏதோ, அதை விடு.

போன வாரம் நீ வேலை பார்த்த படத்துக்கு நானும் அம்மாவும் திருநெல்வேலி ஜங்ஷன் போய் வந்தோம். இப்போதெல்லாம் பெயரைக் கடைசியில்தான் போடுகிறார்கள். வணக்கம் போட்ட உடனே லைட்டைப் போட்டுவிட்டார்கள், கூட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தோம். எழுத்து எறும்பு மாதிரி ஓடுகிறது. ஆபரேட்டரிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன், கேபினில் ஆள் இல்லை. காமிரா டிபார்ட்மென்ட் வந்தது, அம்மா "அந்தா, அந்தா" என்றாள், நான் பார்க்கும்போது டிரைவர்கள் பெயர் வந்துவிட்டது. அம்மா பார்த்தேன் என்று சத்தியம் பண்ணுகிறாள், எனக்கு நம்பிக்கை இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறோம். காமிரா என்று வந்த பிறகு உன் பெயர் எத்தனாவது வரி, இடது பக்கமா வலது பக்கமா என்று அதற்குள் சொல்லிவிடு.

அப்பா