சைவத்துக்கு மாறும் இனிப்புநீர் நோயாளிகள் பி12 பற்றியும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி விரதம் முடிந்த கையோடு இனி நிரந்தரமாகச் சைவம்தான் என்று முடிவெடுப்போர் நம்மிடையே பெருகி வருவதைத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மைக் காலமாக வெளிவரும் கடிதங்கள் காட்டுகின்றன. உயிர்க்கொலை கூடாது என்ற கொள்கைக்காகச் சிலரும், கொழுப்பும் இரத்த அழுத்தமும் குறையும் என்ற நம்பிக்கையில் சிலரும் மாறியிருக்கிறார்கள். ஓரிருவர் பாலையும் தயிரையும்கூட விட்டுவிட்டு முழு நனிசைவத்துக்கே வந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். அந்த முடிவைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. கெடா மாநிலம் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக, அதாவது தோட்டத்து மக்கள் டிரெசர் என்று அழைத்த வேலையில், பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இனிப்புநீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடும் ஒருவர் மீனையும் முட்டையையும் இறைச்சியையும் நிறுத்தும்போது, உடம்பில் வைட்டமின் பி12 குறைவதற்கான இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. அந்தக் கடிதங்கள் எவற்றிலும் இது பேசப்படவில்லை என்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

இது யாரோ சிலருக்கான எச்சரிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. 2023இல் அது 15.6 விழுக்காடாகப் பதிவானது. இரண்டில் எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், மூன்று பெரிய இனங்களில் இந்நோய் இந்தியர்களிடம்தான் அதிகம் என்பது கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும். இந்நோய்க்கு முதலில் கொடுக்கப்படும் மருந்து பெரும்பாலும் மெட்ஃபார்மின்தான். ஆகவே நம் சமூகத்தில் ஐம்பது வயதுக்கு மேல் சைவத்துக்கு மாறுகிறவர்களை வரிசைப்படுத்தினால், அவர்களில் கணிசமானோரின் மருந்துப் பையில் அந்த வெள்ளை மாத்திரை இருக்கும்.

பி12 சத்தைச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. நுண்ணுயிரிகள் மட்டுமே செய்கின்றன. அது விலங்குகளின் உடலில் சேர்ந்து, இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக நம்மிடம் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம்தான், கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் இரத்த அணுக்கள் சரியாக உருவாகாது, நரம்புகளின் மேலுறை சிதையத் தொடங்கும். ஈரல் பல ஆண்டுகளுக்கான இருப்பை வைத்துக்கொள்வதால், சைவத்துக்கு மாறிய முதல் ஆண்டில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. எடை குறைந்து உடம்பு இலேசானதாக எல்லாரும் மகிழ்ந்து சொல்லும் காலம் அதுதான். இருப்பு தீரும் நேரத்தில் உணவு மாறியதையே பலர் மறந்திருப்பார்கள். மெட்ஃபார்மினோ, சிறுகுடலின் கடைப்பகுதியில் இச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. மாத்திரையின் அளவும் சாப்பிட்ட ஆண்டுகளும் கூடக்கூட இக்குறைவும் கூடுகிறது. 2022இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பி12 குறைவதை மெட்ஃபார்மினின் அரிதான பக்கவிளைவு என்று எண்ணாமல் பரவலாகக் காணப்படும் ஒன்றாகக் கருதும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நெஞ்செரிச்சலுக்காக ஒமிப்ரசோல் போன்ற மருந்தையும் நீண்ட காலம் சாப்பிடுவோருக்கு மூன்றாவது காரணமும் சேர்ந்துகொள்கிறது.

இதில் பெரிய சிக்கல், பி12 குறைந்தாலும் இனிப்புநீர் முற்றினாலும் காலில் வரும் அறிகுறிகள் ஒன்றுபோலவே இருப்பதுதான். பாதம் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, இரவில் எரிச்சல், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம் ஆகியவை இரண்டிலும் உண்டு. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கும் ஓர் அம்மையார், கணவர் காலமான பிறகு கவிச்சியை அறவே விட்டவர், ஒரு நாள் மளிகைக் கடை வாசலில் ஒரு செருப்பு கழன்று படியிலேயே கிடக்க, அது தெரியாமலேயே வெறுங்காலுடன் சாலை வரை போய்விட்டார். அழைத்துச் சொன்னதற்கு, "இனிப்புநீர்க் காலுங்க ஐயா, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அவருடைய நாக்கு வழவழப்பாகச் சிவந்திருந்ததும், காரம் பட்டால் எரிகிறது என்று அவர் சொன்னதும்தான் என்னை யோசிக்க வைத்தன. மகன் தனியார் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று பார்த்ததில் பி12 மிகவும் தாழ்ந்திருந்தது. ஊசி போடத் தொடங்கிச் சில மாதங்களில் தள்ளாட்டம் குறைந்தது, நாக்கும் சரியானது. கால் விரல்களின் மரப்பு மட்டும் முழுமையாகப் போகவில்லை. அதில் ஒரு பங்கு உண்மையிலேயே இனிப்புநீரால் வந்ததாக இருக்கலாம், ஒரு பங்கு சிகிச்சை தாமதமானதால் நிலைத்துவிட்டதாகவும் இருக்கலாம். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுவோருக்கு ஃபோலேட் சத்து போதுமான அளவு இருப்பதால் இரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துவிடுவதும் உண்டு. இரத்தம் நன்றாக இருக்கிறது என்று அட்டையில் எழுதியிருக்கும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்.

நம் பாட்டிமார் சைவமாகவே வாழ்ந்து தொண்ணூறு வயது வரை திடமாக இருந்தார்களே என்று இதைக் கேட்பவர்கள் தவறாமல் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். தோட்டங்களில் சுத்த சைவமாக இருந்த குடும்பங்கள் பெரும்பாலும் மாடு வைத்திருந்தன. லயத்துக்குப் பின்னால் கொட்டகை இருந்தது, கறந்த பால் வீட்டுக்கும் போக அக்கம்பக்கத்துக்கும் விற்கப்பட்டது, தயிரும் மோரும் அன்றாட உணவாக இருந்தன. மற்றவர்கள் வீட்டில் இறைச்சி சம்பள நாளிலும் தீபாவளியிலும்தான் வெந்தது என்றாலும், நெத்திலிக் கருவாடும் டின் சார்டினும் வாரம் முழுவதும் இருந்தன. ஏழையின் குழம்பில் பி12 சத்தை அன்றாடம் போட்டது அந்த நெத்திலிதான். இரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது மாடும் போயிற்று, கொட்டகையும் போயிற்று. இன்று நாம் தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலின் லேபிளைத் திருப்பிப் படித்தால், பெரும்பாலான டின்களில் அது உண்மையான பால் இல்லை என்பது தெரியும். சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் கலந்த இனிப்புக் கிரீமர் அது. ஒரு குவளை உண்மையான பசும்பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் பி12 உண்டு, ஆகவே நாள்தோறும் இரண்டு குவளை குடிப்பவருக்கு ஏறக்குறைய தேவை நிறைந்துவிடும். டின் பால் தேநீரைப் பாலாக எண்ணி நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பவருக்குச் சர்க்கரைதான் மிச்சம்.

மீன் போன இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கூடுதல் சோறும், உருளைக்கிழங்குப் பிரட்டலும், அப்பளமும்தான் வருகின்றன. இனிப்புநீர் உள்ளவர் மங்கு நிறையச் சோற்றைப் போட்டு அதன்மேல் தண்ணீர்ச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சைவத்துக்கு மாறியும் சர்க்கரை இறங்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. இன்னொரு பக்கம், நம்மவர் விருந்துகளில் இப்போது தவிர்க்க முடியாததாகிவிட்ட சைவ மட்டன் இருக்கிறது. பாசார் மாலாமில் வாங்கிய ஒரு பொட்டலத்தைப் பிரிக்குமுன் படித்துப் பார்த்தேன்: சோயாப் புரதம், காளான் தண்டு, கோதுமை மாவு, செம்பனை எண்ணெய், சர்க்கரை, உப்பு, சுவையூட்டி. புரதம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உப்பும் தாராளமாக இருக்கிறது, பி12 சேர்க்கப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை. சில வகைகளில் முட்டை வெள்ளைக்கருவும் பால் புரதமும் சேர்ந்திருப்பதால் நனிசைவர்கள் ஒவ்வொரு பொட்டலத்தையும் படித்துத்தான் வாங்க வேண்டும். வெளிக்கடைக் கங்கோங் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுது ஒளிந்திருக்கும் கதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டியில் நூறு கிராமுக்குப் பத்தொன்பது, இருபது கிராம் புரதம் உண்டு. வெந்த சோற்றில் அதே எடைக்கு மூன்று கிராம்கூட இல்லை. பயறு, கொண்டைக்கடலை, தௌஃபு, கெட்டியான பருப்பு ஆகியவை சோற்றின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் சர்க்கரையும் கட்டுப்படும். முருங்கைக்கீரையிலும் சாயூர் மானிஸிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை, கொய்யா போன்றவை உதவும், சாப்பிட்ட உடனே குடிக்கும் தேநீர் கெடுக்கும். ஆனால் இவற்றில் எதுவும் நம்பத்தக்க அளவு பி12 தராது. தெம்பேயில் உண்டு, கடற்பாசியில் உண்டு, ஸ்பிருலினாவில் உண்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்பி இருந்துவிடக் கூடாது. தெம்பேயில் இருப்பது நிச்சயமில்லாத அளவு, ஸ்பிருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வகை. நம்பத்தக்கது மாத்திரை, அல்லது மார்மைட் போல இச்சத்து சேர்க்கப்பட்டதாக லேபிளில் குறிப்பிட்டிருக்கும் உணவு. 1944இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட வீகன் சொசைட்டியே, தன் கொள்கையில் சிறிதும் தளராமல், நாளுக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுத்துக்கொள்ளும்படி நனிசைவர்களுக்குச் சொல்கிறது. அந்தச் சங்கம் தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்து, 1948இல்தான் இந்த வைட்டமினே தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நுண்ணுயிரிகளை வளர்த்துத்தான் இன்று இதைத் தயாரிக்கிறார்கள், ஆகவே மாத்திரையின் மேலுறையில் ஜெலட்டின் இல்லாததாகப் பார்த்து வாங்கினால் கொள்கைக்கும் பழுதில்லை. மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு இந்த அளவு போதுமா, ஊசி தேவையா என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எவரும் மெட்ஃபார்மினை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விலை மலிவான, நெடுங்காலம் சோதிக்கப்பட்ட நல்ல மருந்து அது. கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ஒருவேளை உணவுடன் விரதம் இருக்கும் நாட்களில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம் என்பதால், விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொள்ள வேண்டும். சைவ உணவு ஆகாது என்று நான் சொல்வதாகவும் எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. நம் பிள்ளைகள் பசியாறும்போது விரும்பிச் சாப்பிடும் சாசேஜ் அந்த வகைதான். திட்டமிட்டு உண்ணும் சைவ உணவு இனிப்புநீருக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பி12 பெரும்பாலும் அதில் சேராது. ஆகவே நோயாளிதான் வாய் திறந்து, நான் இத்தனை ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், இப்போது கவிச்சி சாப்பிடுவதில்லை, பாதம் மரக்கிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள்; விரதத்தையும் சாப்பாட்டையும் அது கோயில் விஷயம் என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கியது பசித்தவர் வயிற்றுக்காக. இன்று நம் ஆலய அன்னதான வரிசையில் நிற்பவர்களில் பலருக்குப் பசியைவிடச் சர்க்கரைதான் பெரிய தொல்லை. சாம்பாரில் பருப்பைக் கூட்டி, உருளைக்கிழங்குக்குப் பதிலாகச் சுண்டலும், பாயசத்துக்குப் பதிலாக மோரும் வைப்பதால் செலவு அதிகமாகிவிடாது, ஆகமத்துக்கும் முரணாகாது. தாங்களும் அடுத்த புரட்டாசிக்கு முன்பாகத் தங்கள் ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கத்தில், இத்துறை அறிந்த மருத்துவர் ஒருவரிடம் வாசகர்கள் இது குறித்துக் கேள்வி கேட்க இடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
பீடோங், கெடா.