பாப்பாவின் படிப்பு விஷயமாக

நார்த் வான்கூவர்,
நவம்பர் 9

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு ஜாக்கெட் சாம்பிள் காலை வாரிவிடுகிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தொழிலுக்கு நல்லதுதான், துணி காயப்போடத்தான் வழியில்லை. யூனிட்டில் இன்னும் நாலு பவர்டேபிள் தையல் மெஷின் போட்டிருக்கிறாயாமே, சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

சரி, பாப்பா விஷயம். மலையேறுகிறவர்களுக்கு உடுப்பும் கருவியும் டிசைன் செய்யப் படிக்கிறேன் என்கிறாளாம்; “படம் வரைகிற வேலை சோறு போடுமாடா?” என்று கேட்டிருக்கிறாய். சோறு போடும். ஆனால் நான் படம் வரைவது நாளில் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் தைத்ததைப் பிரிப்பதும், கிழிந்து திரும்பி வந்ததை ஏன் கிழிந்தது என்று பார்ப்பதும்தான்.

இங்கே நான் போட்ட முதல் ஜாக்கெட் கதையை உனக்குச் சொல்லவே இல்லை, வெட்கம். பனியன் கம்பெனியில் பத்து வருஷம் பேட்டர்ன் போட்ட திமிரில் பாக்கெட்டை இடுப்போரம் வைத்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு ஸ்குவாமிஷ் பாறையில் ஏறினாள். கயிறு கட்டிக்கொள்ள இடுப்பில் மாட்டும் ஹார்னஸ் பெல்ட் இரண்டு பாக்கெட்டையும் அமுக்கிவிட்டது. பிடி தேடிக் கையைத் தூக்கும்போதெல்லாம் ஜாக்கெட்டின் கீழ்விளிம்பு பெல்ட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு மேலே வந்தது. நாம் வெட்டிய சட்டையெல்லாம் கையைத் தொங்கப்போட்டு நிற்கிறவனுக்கு. இவர்களுக்குக் கை பாதி நேரம் தலைக்கு மேலே. பாக்கெட்டை நெஞ்சுக்கு ஏற்றினேன். அக்குளில் வைர வடிவத்தில் ஒரு துண்டு கொடுத்து, ஆறு சாம்பிளுக்கு அப்புறம்தான் விளிம்பு அசையாமல் நின்றது. மழை ஜாக்கெட்டில் ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை வேறு; உள்பக்கம் டேப்பைச் சூட்டில் ஒட்டி அடைக்க வேண்டும். தையலைக் குறை, குறை என்று ஒரு தையற்காரனிடமே சொல்கிறார்கள், பார்!

ஹார்னஸில் கை வைக்க இன்னும் பயம். கயிற்றில் இறங்கும்போது முழு உடம்பும் முன்பக்கத்து நாடா வளையம் ஒன்றில்தான் தொங்குகிறது. பிலே லூப் என்பார்கள். 2006-ல் அமெரிக்காவின் யோசமிட்டியில் டாட் ஸ்கின்னர் என்ற பேர்போன ஏற்றக்காரர், தேய்ந்துபோன அந்த வளையம் அறுந்து விழுந்து இறந்தார். ஐரோப்பியத் தரப்படி ஹார்னஸ் 15 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும், சுமார் ஒன்றரை டன். புதிதில் தாங்கும். தேய்ந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே? அதற்காகச் சில ஹார்னஸ்களில் நாடாவுக்குள் சிவப்பு நூல் வைக்கிறார்கள். மேல் நூல் தேய்ந்ததும் சிவப்பு எட்டிப்பார்க்கும். அன்றோடு அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலே பீஸைத் தள்ளிவிடும் செக்கிங் டேபிளில் வளர்ந்தவன் நான். பிசிறு தெரிய வேண்டும் என்றே ஒன்றைச் செய்வது மண்டையில் ஏற நாளானது.

சாயக்கழிவு ஆற்றில் கலக்கிறது என்று 2011-ல் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே கூத்து இங்கேயும். துணியில் தண்ணீர் ஒட்டாமல் உருள வைத்த ஃபுளோரின் ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் மக்காமல் கிடக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2025 முதல் பெரும்பாலான உடுப்புகளில் அவற்றுக்குத் தடை. பாப்பா படித்து முடிக்கும்போதும் அவற்றுக்கு மாற்றுத் தேடும் வேலை தீர்ந்திருக்காது.

காலேஜ் கேட்டாய். அமெரிக்காவில் லோகன் என்ற ஊரில், யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. செலவு கூடுதல்தான். ஆனால் பாட்டகோனியா என்ற மலையேற்ற உடுப்புக் கம்பெனியை ஆரம்பித்த ஈவோன் ஷுனார்ட் எந்தக் காலேஜிலும் இதைப் படிக்கவில்லை. 1957-ல் பழைய கரி உலை ஒன்றை வாங்கி, பாறையில் அடிக்கும் ஆணிகளைத் தானே அடிக்கக் கற்றுக்கொண்டவர். அந்த ஆணிகள் பாறையைச் சிதைப்பதைப் பார்த்து, நன்றாக விற்றுக்கொண்டிருந்த சரக்கையே கைவிட ஆரம்பித்தார். கஸ்டமர் கேட்காமல் நாம் ஒரு பட்டனை மாற்றியிருப்போமா?

பார்சலில் ஒரு பழைய ஜாக்கெட் அனுப்பியிருக்கிறேன். தோளில் டேப் உரிந்துபோய்த் திரும்பி வந்தது. பாப்பாவைப் பிரிக்கச் சொல், கத்தரி வேண்டாம், ஒவ்வொரு தையலாக. அக்குள் துண்டை பேப்பரில் வரைந்து வைக்கட்டும். ஜனவரியில் வருகிறேன். அதற்குள் அவள் ஓவர்லாக் மெஷின் ஓட்டப் பழகியிருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

உன்,
மணி