செவலையை நான் விற்கப் போவதில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தாகிவிட்டது, பேனா பிடிக்க முடிகிறது. போனில் நீ அழ ஆரம்பித்தால் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. அதனால்தான் கடிதம்.

குதிரை என்னைத் தள்ளிவிட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியில்லை தாயி. கண்மாய் வற்றிவிட்டதல்லவா, உள்ளே மண் மெத்தென்று கிடக்கிறது. விழுந்தாலும் அடி படாது என்றுதான் அங்கே ஏறினேன். கருவேலமரத்திலிருந்து ஒரு மயில் படபடவென்று இறங்கியது. செவலை மிரண்டு முன்னங்காலைத் தூக்கிவிட்டது. அந்த நேரத்தில் கடிவாள வாரைத் தளர்த்திவிட்டு அதன் கழுத்தோடு கவிழ்ந்துகொள்ள வேண்டும். நான் பயத்தில் வாரை இழுத்துப் பிடித்தேன். இழுத்தால் குதிரை இன்னும் மேலேதான் போகும், மல்லாந்தும் விழும். நல்லவேளை, அது விழவில்லை. நான் பின்பக்கமாகச் சறுக்கிக் கையை ஊன்றினேன். தப்பு என்னுடையது.

எழுந்து பார்க்கிறேன், அது எங்கேயும் ஓடவில்லை. பத்தடி தள்ளி நின்று தொடை வெடவெடவென்று நடுங்குகிறது. கண் என் கையிலேயே இருந்தது. அடி விழப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றது. அந்த நிலையைப் பார்த்தபின் இதை இன்னொருவன் கையில் பிடித்துக் கொடுக்க எனக்கு மனசு வராது.

விற்றுவிடுங்கள், இல்லையென்றால் வலுவான கடிவாளமாக வாங்கி அனுப்புகிறோம் என்று நீயும் மாப்பிள்ளையும் சொல்கிறீர்கள். அக்கறையில் சொல்வது தெரிகிறது. ஆனால் அதன் வாயை நீ பார்க்கவில்லை.

வாங்கி வந்த மறுவாரமே கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தேன். நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் சரியாகத் தேயாமல் கூராகிவிடும். செவலைக்கு அந்தக் கூர் இரண்டு கன்னத்தையும் உள்ளே கிழித்து வைத்திருந்தது. நாக்கின் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு, விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடம் ஒன்று இருக்கும், கடிவாளம் உட்காருவது அங்கேதான். எலும்பின் மேல் மெல்லிசாக ஈறு மட்டும். அந்த இடம் ஆறி ஆறித் தடித்துப் போயிருந்தது. முள் கடிவாளம் போட்டுப் பல வருஷம் இழுத்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். அரம் போட்டுப் பல்லை ராவிவிட்டார்.

விற்றவர் சுழி சரியில்லை என்று சொல்லித்தான் விலையைக் குறைத்தார். நெஞ்சில் மயிர் எந்தப் பக்கம் சுழிகிறது என்று இத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர் வாயைத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். பால்பல் விழுமுன்னே பந்தய வண்டியில் பூட்டிவிட்டார்கள். குதிரைக்கு முதல் பால்பல் விழ இரண்டரை வயதாகும், முதுகெலும்பு முற்ற ஐந்தரை ஆறு வயதாகும். அதற்குள் ஓட்டி முடித்துவிட்டு, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். காதோரம் வேட்டு, முதுகில் பழக்கமில்லாத ஆள். நில் என்றால் என்ன, திரும்பு என்றால் என்ன என்று யாரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாயில் வலி வந்தால் ஓடு என்று அது தானாகப் படித்துக்கொண்டது.

உன் தாத்தா ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். புதுக் குதிரை வந்தால் ஒரு மாசம் வண்டியைத் தொடமாட்டார். நீள வார் இரண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். 'முதல்ல நிக்கப் படிக்கட்டும், ஓடத் தானா தெரியும்' என்பார். நானும் அதையேதான் செய்தேன். இரண்டு மாதம் கடிவாளமே இல்லை, தலைக்கயிறு மட்டும்.

முதல் பாடம் ஓர் அடி பின்னால் போவது. நெஞ்சில் ஒற்றை விரலை வைத்து லேசாக அழுத்துவேன். அது திமிறி என் மேலேயே சாயும். நான் அழுத்தத்தைக் கூட்டவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன். பாரத்தைக் கொஞ்சம் பின்காலுக்கு மாற்றியதோ இல்லையோ, உடனே விரலை எடுத்துவிடுவேன். அந்த எடுக்கிற நேரத்தில்தான் குதிரை படிக்கிறது. கொஞ்சம் தாமதித்தாலும் எதற்காக விட்டோம் என்று அதற்குப் புரியாது. நாலாம் நாள் விரல் தோலில் படுவதற்குள் ஓர் அடி பின்னால் வைத்தது. தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, வெறும் வாயை மென்றது. அதன் காது இரண்டும் நுனியில் முட்டிக்கொள்கிற காது, உனக்குத் தெரியும். அதில் ஒன்று மெதுவாக என் பக்கம் திரும்பியது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன், அம்மா காபி ஆறுகிறது என்று சத்தம் போடும்வரை.

ஏறும்போதே கிளம்பி ஓடுகிற பழக்கம்தான் ரொம்பச் சிரமம் கொடுத்தது. சேணத்தில் தொங்கும் கால்வளையம், அந்த அங்கவடியில் காலை வைப்பேன், எடுப்பேன். வைப்பேன், எடுப்பேன். சில நாள் ஏறவே மாட்டேன். காலை வைத்தால் ஓடவேண்டும் என்று இருந்தது, இப்போது நிற்கிறது.

தீனியையும் மாற்றிவிட்டேன். வெறும் கொள்ளாகக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். குதிரை வயிற்றில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், அதனால் நாள் முழுக்கப் புல் வேண்டும். இதன் எடைக்குக் காய்ந்த புல்லாகவே ஏழு கிலோ. லாடம் ஆறு வாரத்துக்கு ஒரு தரம் மாற்றுகிறேன்.

நீ காலேஜில் படிக்கும்போது மார்க்கோ போலோ பற்றிச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நம் பாண்டிய ராஜாக்கள் கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள், பராமரிக்கத் தெரியாமல் வருஷத்துக்குள் பெரும்பாலும் செத்துப்போயின என்று அவர் எழுதியிருப்பதாக. அன்றைக்கு நீ சொன்னபோது கேட்டுக்கொண்டேன். இப்போது லாயத்தில் தனியாக இருக்கும்போது அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இடப்பக்கம் திரும்ப இன்னும் கழுத்தை விறைக்கிறது. கொட்டுச் சத்தம் கேட்டால் வியர்த்துக் கொட்டுகிறது. சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி அப்பன் திருப்பதி வழியாகப் போகும்போது நம் தெரு என்ன பாடுபடும் என்று உனக்கே தெரியும். அந்த நாலைந்து நாளும் செவலையை அத்தை தோப்பில் கொண்டுபோய்க் கட்டப்போகிறேன். தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க இந்த வருஷம் நான் வரவில்லை, அதன் பக்கத்தில் இருக்கப்போகிறேன். நீ அம்மாவைக் கூட்டிப் போ.

திருவிழா முடிந்து நீயும் தோப்புக்கு வா. ஏறச் சொல்லமாட்டேன், பயப்படாதே. நேர் எதிரே மட்டும் போகாதே, மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே போய் நில்.

ஏறுவதைப் பற்றி உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி தனியாக ஏறமாட்டேன், பக்கத்து வீட்டுப் பையன் கரையில் இருந்தால்தான். தலைக்கவசமும் வாங்கிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் அந்த வலுவான கடிவாளம் வேண்டாம் என்று சொல். வாங்குவதானால் நடுவில் ஒரே மூட்டு உள்ளதாக, முள் இல்லாமல், வாய்க்கம்பி வழவழவென்று கொஞ்சம் தடிமனாக இருக்கவேண்டும். மெல்லிசான கம்பி ஈற்றை அறுக்கும். அகலம் ஐந்து அங்குலம், நூல் வைத்து அளந்துதான் எழுதுகிறேன். நீ வரும்போது கையோடு கொண்டு வா.

அன்புடன்,
அப்பா