பூங்காவில் நடந்த ஞாயிறுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் வழக்கம்போல நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பூங்கா நடையைப் பற்றி.

ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் ஒரு அம்மா, "தினம் இந்தப் பூங்காவில் நடக்கிறேன், இதை யார் கட்டினது என்று சொல்ல ஆளில்லை" என்று சென்ற பொதுக்குழுவில் வருத்தப்பட்டார். அன்றே தீர்மானம் போட்டோம். மாதம் ஒரு ஞாயிறு, இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நம் ஊரான பர்க்கன்ஹெட்டின் பூங்காவில் சேர்ந்து நடப்பது, ஒவ்வொரு முறையும் ஒருவர் படித்துவந்து தமிழில் சொல்வது என்று முடிவாயிற்று. முதல் நடை மழையில் நின்றுபோனது. அப்புறம் ஒன்றும் தவறவில்லை.

இந்த ஊர் 1801-இல் நூற்றுச் சொச்சம் பேர் இருந்த சிற்றூர். 1817-இல் மெர்சி ஆற்றைக் கடக்க நீராவிப் படகு வந்தது. 1824-இல் வில்லியம் லேர்டின் இரும்புப் பட்டறை வந்து, பிறகு கப்பல் கட்டும் தளமாக வளர்ந்தது. ஜனம் பெருகியது, வீடுகள் நெருக்கியடித்தன. தொழில் நகரங்களில் ஏழைகள் காற்று வாங்க இடமே இல்லை என்று 1833-லேயே ஒரு நாடாளுமன்றக் குழு சொல்லியிருந்தது. அந்தக் காலத்தில் நல்ல தோட்டம் என்றால் அரசகுடும்பத்துடையது, இல்லையேல் பிரபுக்களுடையது. 1840-இல் திறந்த டார்பி நகரத் தோட்டம்கூட ஒரு செல்வந்தர் கொடுத்த கொடை. வாரத்தில் சில நாட்கள்தான் அங்கே இலவச அனுமதி.

பர்க்கன்ஹெட் வேறு வழியில் போனது. 1843-இல் வந்த சட்டம், ஊரை நிர்வகித்த மேம்பாட்டு ஆணையர்கள் பொதுப்பணத்திலேயே பூங்காவுக்கு நிலம் வாங்க இடம் கொடுத்தது. குறைந்தது 70 ஏக்கரை மக்களின் இலவசப் பொழுதுபோக்குக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அவர்கள் 226 ஏக்கர் வாங்கி, 125 ஏக்கரைப் பூங்காவாக்கி, சுற்றியிருந்த மிச்சத்தை வீட்டுமனைகளாக விற்றார்கள். பூங்காவைப் பார்த்தபடி வீடு என்றால் யார்தான் வாங்கமாட்டார்கள்? அந்த மனைப்பணத்தில் செலவை ஈடுகட்டுவதுதான் கணக்கு. பொதுப்பணத்தில், பொதுமக்களுக்காகவே உருவான உலகின் முதல் பூங்கா என்று இதைச் சொல்வது இதனால்தான். நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன், பின்னாளில் 1851-இல் லண்டனில் கண்ணாடியால் கிரிஸ்டல் பேலஸ் எழுப்பியவர். அவருக்குக் கிடைத்தது தாழ்வான சதுப்பு நிலம். அந்தத் தண்ணீரை அவர் ஒதுக்காமல் இரண்டு ஏரிகளாகத் தேக்கினார். தோண்டிய மண்ணை ஓரங்களில் குவித்து மேடாக்கி மரம் நட்டார். அதனால்தான் ஏரிக்கரையில் நிற்கும்போது ஊர் கண்ணில் படுவதில்லை. ஏரியும் ஒரே பார்வையில் முழுதாகத் தெரியாது. வளைந்து வளைந்து போகும், நடுவில் தீவுகள் மறைக்கும். நம் குழந்தைகள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்காமல் நடந்த இடம் இது ஒன்றுதான். கூடவே நின்று வேலை வாங்கிய எட்வர்ட் கெம்ப், 1891-இல் இறக்கும்வரை இந்தப் பூங்காவோடுதான் இருந்தார்.

கட்டடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ரோமன் படகுவீடு. கீழே வளைவுகள் தண்ணீரில் நிற்கின்றன. மேல்தளத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிக்கலாம் என்பது அன்றைய எண்ணம். ஆடி மாத நடையில் நம் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் அங்கே ஒரு திருப்புகழ் பாடினார்கள். வழியில் போனவர்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அடுத்து ஸ்விஸ் பாலம், கூரை போட்ட மரப்பாலம். மழைக்கு ஒதுங்க நாங்கள் ஓடிய இடமும் அதுதான். வாசல்களில் காவல் வீடுகள் இருக்கின்றன, இங்கே லாட்ஜ் என்பார்கள், நம்மூர் லாட்ஜ் வேறு. இத்தாலியப் பாணி, கோதிக் பாணி, கோட்டை மாதிரி ஒன்று என்று ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

1847 ஏப்ரல் 5 அன்று மோர்பெத் பிரபு பூங்காவைத் திறந்துவைத்தார். அதே நாளில் ஊரின் கப்பல்துறையும் திறப்பு.

மூன்று வருடம் கழித்து, 1850-இல், ஒரு அமெரிக்க இளைஞர் படகில் ஆறு கடந்து வந்து ஒரு ரொட்டிக் கடையில் சாப்பிட்டார். புதுப் பூங்காவைப் பார்க்காமல் ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். அந்த இளைஞர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். இதற்கு ஈடாகத் தன் ஜனநாயக நாட்டில் ஒன்றுமில்லையே என்று அவர் எழுதிவைத்தார். 1858-இல் அவரும் கால்வர்ட் வாக்ஸும் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தார்கள். இந்தக் கதையை நம் வயதான அப்பா ஒருவர் சொன்ன விதமே தனி. அந்த ரொட்டிக் கடைக்காரர் பெயர் யாருக்கும் தெரியாமல் போனதே என்று அவர் கண்கலங்கினார்.

நடுவில் பூங்காவுக்கு மோசமான காலமும் இருந்தது. ஏரி தூர்ந்து, கட்டடங்கள் பழுதாகி, பிறகு நாட்டின் லாட்டரி வருமானத்திலிருந்து பாரம்பரிய இடங்களுக்குத் தரும் நிதியின் உதவியுடன் 2008-இல் சீரமைப்பு முடிந்தது. 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்கான பிரிட்டனின் உத்தேசப் பட்டியலில், அதாவது பிற்பாடு பரிந்துரைக்கக் குறித்துவைக்கும் இடங்களின் பட்டியலில், சேர்ந்தது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: தமிழில் ஒரு வழிகாட்டித் தாள் அச்சிடுவது (மெய்ப்பு பார்க்க இருவர் தேவை), இலையுதிர் காலத்தில் குப்பை பொறுக்கும் நாளில் நம் சங்கமாகக் கலந்துகொள்வது, சக்கர நாற்காலியில் வருவோருக்கு ஏற்ற பாதையை முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறித்துவைப்பது. கடைசியாகச் சொன்னதைச் செய்யாததால் இந்த ஆண்டு ஒரு பாட்டி பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. அவரிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சுண்டலும் தேநீரும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், பாட்டு வகுப்பு ஆசிரியைக்கும் நன்றி. அடுத்த நடை முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு, பெரிய நுழைவாயிலில். குடை எடுத்து வாருங்கள்.

செயலாளர்